ஆயில் மாற்றத்தின் வினா விடை இலக்கணம்

இன்ஜினுக்குள் ஒன்றோடொன்று உரசும் உலோகப் பகுதிகளுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று தேய்மானத்தைத் தடுப்பதும், உரசலில் எழும் வெப்பத்தையும் எரிபொருள் விட்டுச்செல்லும் கரியையும் தன்மேல் ஏற்றுக்கொள்வதுமான எண்ணெயை உரிய காலத்தில் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே ஆயில் மாற்றம் எனப்படும். சிறிய பெட்ரோல் கார் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று அல்லது மூன்றரை லிட்டர் எண்ணெய், ஒரு ஃபில்டர், வடிகால் போல்ட்டின் அடியில் போடும் ஒரு வாஷர் ஆகிய மூன்றும் போதும். வேலையும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இவ்வளவு எளிய செயலுக்காகக் காலை ஒன்பது மணிக்கு வண்டியை விட்டவர் மாலை ஆறு மணிக்குப் பெறும் பில் ஏன் இரண்டு பக்கம் ஓடுகிறது என்பதே இங்கு ஆராயப்படும் பொருள்.

அமெரிக்காவில் இத்தொழில் தனிக் கடையாகவே வளர்ந்திருக்கிறது. தரையில் வெட்டிய குழியின் மேல் காரை நிறுத்தினால், ஓட்டுநர் இருக்கையை விட்டு எழுவதற்கு முன்பே கீழிருந்து ஒருவர் எண்ணெயை வடிப்பார், மேலிருந்து இன்னொருவர் கறுத்த ஏர் ஃபில்டரை ஏந்திவந்து துக்கம் தெரிவிக்கும் முகத்துடன் சன்னலருகே நிற்பார். தமிழ்நாட்டில் அந்தத் துக்கத்தைத் தெரிவிக்கும் பொறுப்பு சர்வீஸ் அட்வைசர் எனப்படுபவரிடம் உள்ளது. ஆலோசகர் என்று பொருள்படும் இப்பெயரை ஏற்றவர் பல இடங்களில் மாத விற்பனை இலக்கு ஒன்றையும் ஏற்றிருக்கிறார் என்பதையும், வண்டியின் குறைகளையும் செய்யவேண்டிய வேலைகளையும் அவர் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டு என்னும் தாளில் உரிமையாளரின் கையெழுத்துக்கு மேலே வெற்றிடம் தாராளமாக விடப்பட்டிருக்கும் என்பதையும் தொடக்கத்திலேயே நினைவில் கொள்வது நலம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் வினாவை அறிவு, அறியாமை, ஐயம், கொளல், கொடை, ஏவல் என ஆறாக வகுத்தார். அவர் காலத்தில் கார் இல்லை; ஆயினும் சர்வீஸ் மேசைக்கு எதிரே அமர்ந்திருப்பவருக்கு இதைவிடப் பயனுள்ள கையேடு இன்றளவும் வெளிவரவில்லை. "கடைசியா எப்ப சார் இன்ஜின் ஃப்ளஷ் பண்ணீங்க?" என்று அட்வைசர் கேட்பது அறிவினா, கணினித் திரையில் விடையைப் பார்த்துக்கொண்டே, மாணவனின் அறியாமையை வெளிக்கொணர ஆசிரியர் கேட்கும் கேள்வியைப் போன்றது அது. "ஃப்ளஷ்னா என்னங்க?" என்று உரிமையாளர் திருப்பிக் கேட்பது அறியாவினா, அது வாயிலிருந்து விழுந்த கணமே பேரத்தில் பாதி முடிந்துவிடுகிறது. ஒருவரிடம் ஒரு பொருள் இல்லையென்று கண்டு அதைக் கொடுப்பதற்காகக் கேட்பது கொடைவினா, கடையில் சென்று வாங்குவதற்காகக் கேட்பது கொளல்வினா என்பது இலக்கணம். "உங்க வண்டிக்கு டெஃப்லான் கோட்டிங் இல்லையா சார்?" என்னும் வாக்கியமோ ஏழைக்கு ஆடை வழங்க வந்த வள்ளலின் குரலில் கொடைவினாவாகத் தொடங்கி, வரி உட்பட கொளலாக முடிகிறது. இக்கலப்பினத்துக்கு உரையாசிரியர்கள் இடம் வைக்கவில்லை.

விடைகளை அதே நூல் எட்டாகப் பகுக்கிறது. அவற்றுள் சுட்டு, மறை, நேர் என்னும் மூன்று மட்டுமே நேரடி விடைகள். ஏனைய ஐந்தும் சுற்றிவந்து விடையை உணர்த்துபவை. சர்வீஸ் மையத்தின் பேச்சு முழுவதும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுவது வியப்புக்குரியது. "இதைச் செய்யாம விட்டா என்ன ஆகும்?" என்ற கேள்விக்கு அட்வைசர் தருவது உறுவது கூறல், அதாவது இனி நேரப்போவதை எடுத்துரைத்தல்: "இப்போதைக்கு ஓடும் சார், ஆனா பின்னாடி இன்ஜின்ல பெரிய செலவு வைக்கும்." உரிமையாளர் தம் பங்குக்கு "போன தடவைதான் ஏதோ பண்ணாங்க" என உற்றது உரைக்கிறார், அல்லது கேட்டதை விட்டு அதற்கு இனமான வேறொன்றைச் சொல்லும் இனமொழி விடையில் தஞ்சம் புகுந்து, "வாட்டர் வாஷை மட்டும் நல்லாப் பண்ணச் சொல்லுங்க" என்கிறார். வேண்டாம் என்னும் மறைவிடையை, அந்த ஒற்றைச் சொல்லை, முகம் பார்த்துச் சொன்னவர் அரிதினும் அரியர். இதை எழுதியவரும் ஐந்து ஆண்டுகள் தலையை மேல்கீழாகவும் இல்லாமல் பக்கவாட்டிலும் இல்லாமல் ஒருவாறு ஆட்டி, அது சம்மதமாகக் கொள்ளப்பட்டுக் கட்டணம் செலுத்தியவர்தாம்.

இனி, பட்டியலிலுள்ள சேவைகளின் தகுதியை நோக்கலாம். இன்ஜின் ஃப்ளஷ் என்பது பழைய எண்ணெயுடன் ஒரு கரைப்பானைக் கலந்து, இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, படிந்த கசடு இளகியபின் அனைத்தையும் வடிப்பதாகும். கேட்பதற்கு வயிற்றைச் சுத்தம் செய்ய விளக்கெண்ணெய் கொடுப்பதுபோல் நியாயமாகவே தோன்றுகிறது. மாதத்துக்கு ஒருமுறை அதைக் குடித்து வளர்ந்த தலைமுறையால் இவ்வுவமையை எதிர்க்க இயலாது. ஆனால் இக்கால இன்ஜின் எண்ணெயிலேயே கசட்டைக் கழுவும் பொருளும், கழுவியதை மிதக்கவைத்து ஃபில்டர் வரை கொண்டுசேர்க்கும் பொருளும் சேர்க்கப்பட்டுள்ளன. காலத்தில் எண்ணெய் மாற்றப்பட்ட வண்டிக்குத் தனி விளக்கெண்ணெய் தேவைப்படுவதில்லை. நெடுங்காலம் மாற்றப்படாத வண்டியிலோ, இளகிய கசடு கட்டியாகப் பெயர்ந்து எண்ணெயை உறிஞ்சும் சல்லடையை அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தேவையற்றவருக்குப் பயனற்றதாகவும் தேவையுள்ளவருக்கு அபாயமாகவும் அமைந்த சேவையைக் கண்டுபிடித்தவரின் கூர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

டயரில் நைட்ரஜன் நிரப்புவதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன் இருப்பதால், கட்டணம் உண்மையில் எஞ்சிய 22 விழுக்காட்டை வெளியேற்றுவதற்கும், வால்வின் தலையில் போடும் பச்சை மூடிக்குமே வாங்கப்படுகிறது. ஏசி வாயில் அடிக்கும் நறுமண மருந்தும் ஏறத்தாழ இவ்வினமே; காற்று உண்மையில் வடிகட்டப்படுவது கேபின் ஃபில்டரில், அது பல கார்களில் டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றியவுடன் கைக்கு வந்துவிடும். த்ராட்டில் பாடி, அதாவது இன்ஜினுக்குள் செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் கதவு, கரி படிந்து சிக்னலில் வண்டி தானே நடுங்கினால் சுத்தம் செய்யத்தக்கது. நடுங்காத வண்டிக்குச் செய்தால் நடுங்குபவர் பில்லைப் பார்க்கும் உரிமையாளர்.

மேற்கண்டவற்றில் பெரும்பாலானவை காட்டத்தக்கவை என்பதைக் கவனிக்கவேண்டும். கறுத்த ஃபில்டரை ஏந்திக்காட்டலாம், பச்சை மூடியைச் சுட்டலாம், நறுமணத்தை முகரவைக்கலாம். தூசியைப் பிடிக்கவே படைக்கப்பட்ட ஏர் ஃபில்டர் அழுக்காக இருப்பது அது வேலை செய்ததற்கான சான்று என்ற எண்ணம் அந்நேரத்தில் எவருக்கும் எழுவதில்லை. கண்ணில் படாமல் கிடந்து காலம் கடந்துபோகும் ஒன்றுக்கு இக்காட்சிசாலையில் இடம் கிடைப்பது கடினம். அவ்வாறு இடம் கிடைக்காத பொருள்களில் தலையாயது பிரேக் ஆயில்.

எண்ணெய் என்று பெயர் பெற்றிருப்பினும் அது எண்ணெய் அன்று. மிதியில் கால் தரும் அழுத்தத்தைச் சக்கரம் வரை கடத்தும் கிளைக்கால் வகைத் திரவம். மூடிய டப்பாவுக்குள் இருந்துகொண்டே, ஐப்பசி மாதத்து உப்பைப்போல், ஈரத்தை மெல்ல மெல்ல ஈர்த்துக்கொள்வது இதன் இயல்பு. டாட் 4 என்னும் தரத்தில் புதியது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கவேண்டும். ஈரம் ஏறிய நிலையில் இவ்வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சமவெளியில் இந்த வேறுபாடு எவர் கண்ணிலும் படாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குபவருக்கோ, சூடேறிய திரவம் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகி, அவை அழுத்தத்தை விழுங்கிவிட, மிதி தரைவரை செல்லும், வண்டி நிற்காது. ஆகவே பல கார்களின் கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றச் சொல்கின்றன. "ரெண்டு வருஷம் ஆச்சு சார், பிரேக் ஆயில் மாத்திடலாமா?" என்று அட்வைசர் கேட்கும் அந்த ஒரே உண்மையான வினாவுக்கு, பட்டியலின் மேல்பாதியில் பணத்தைத் தொலைத்துக் களைத்த உரிமையாளர், தம் வாழ்நாளில் முதன்முறையாக வீறுகொண்டு மறைவிடை பகர்கிறார்.

வீல் அலைன்மென்ட்டுக்கும், சரி என்று உடன்படும் நேர்விடையே தரலாம். மழைக்காலப் பள்ளங்களில் இறங்கி ஏறிய சக்கரங்கள் திசை பிறழ்ந்து டயரை ஒருபக்கமாகத் தின்பதைக் கண்ணாலேயே காணமுடியும். வண்டிக்கு அடியில் பூசும் துரு தடுப்புப் பூச்சு சற்றுச் சிக்கலானது. தொழிற்சாலையிலேயே உடற்கூட்டைத் தொட்டியில் முக்கி மின்முறையில் வண்ணம் ஏற்றியிருப்பதால் அது பெரும்பாலும் மிகையே. கடலோர உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு ஓரளவு பயன் தரக்கூடும். சேற்றைக் கழுவிக் காயவைக்காமல் பூசினால் ஈரத்தையும் சேர்த்து முத்திரையிட்டதாகிவிடும். சென்னையில் வெள்ள எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் காரை ஏற்றி நிறுத்துபவர்கள், எந்தப் பூச்சையும்விடச் சிறந்த அடிப்பாதுகாப்பைச் செலவின்றி அடைந்தவர்கள். ஏற்றத் தவறி இன்ஜினுக்குள் நீர் புகுந்து, எண்ணெய் பால் கலந்த காபி நிறம் கொண்டுவிட்டால், அப்போது ஆயில் மாற்றம் கட்டாயம். சாவியைத் திருப்பிப் பார்க்கலாம் என்ற ஆசை அதற்கு முன் எழாமலிருக்கவேண்டும்.

இவ்வையங்களையெல்லாம் தீர்க்கும் நூல் ஒன்று உரிமையாளரிடமே இருக்கிறது. கார் வாங்கிய அன்று சாவியோடு பூசைத் தட்டில் வைக்கப்பட்டு, மஞ்சளும் குங்குமமும் பெற்று, பிளாஸ்டிக் உறையோடு டேஷ்போர்டுப் பெட்டிக்குள் சென்ற அந்தக் கையேட்டில், எது எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை மாதத்தில், இவற்றுள் எது முந்துகிறதோ அதில், மாற்றப்படவேண்டும் என்ற அட்டவணை அச்சிடப்பட்டுள்ளது. ஃப்ளஷ், டெஃப்லான், நறுமணம் முதலியன பெரும்பாலும் அதில் இரா. காப்பீட்டுத் தாள், கோயில் திருநீற்றுப் பொட்டலம், 2019ஆம் ஆண்டின் சுங்கச் சாவடிச் சீட்டுகள் ஆகியவற்றின் அடியில் அது கிடக்கிறது. அதைத் தேட நேரமில்லாதவர் அட்வைசரிடம், "இது மேனுவல்ல எந்தப் பக்கத்துல இருக்கு?" என ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்; அறியாவினாவின் வேடமணிந்த அறிவினா அது.

வண்டி வீடு சேர்ந்த மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வரும். சேவையில் திருப்தியா, பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று கேட்கப்படும். அதற்கு முதல்நாளே அட்வைசர் அழைத்து, "பத்துன்னு சொல்லிடுங்க சார், ஒன்பதுன்னா எங்களுக்குப் பிரச்சினை" என்று வேண்டியிருப்பார். பில்லின் இரண்டாம் பக்கத்தில் 'இன்டீரியர் டிரெஸ்ஸிங்' என்ற வரியின் பொருளை அப்போதுதான் கண்ணாடி அணிந்து ஆராய்ந்துகொண்டிருக்கும் உரிமையாளர், அந்த இளைஞனின் முகத்தை நினைத்து, பத்து என்கிறார்.