எல்லாத்துக்கும் நடுவுல

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து காரில் ஊர் சுற்றக் கிளம்பினால், புறப்படும் முன்போ சுற்றி முடித்த பிறகோ எல்லாரும் ஒன்றாகத் தங்க ஒரு வீடு தேவைப்படும். ஜொகூர்த் தமிழ்க் குடும்பங்களில் அந்த வீட்டைப் பிடிப்பவர் நடுவாந்தர மாமா. யாரும் அவரிடம் ஒப்படைத்த வேலை அல்ல, அவராக எடுத்துக்கொண்டது. வயது ஐம்பதுக்கு மேல். ஏழு பேர் உட்காரும் கார். கைப்பேசியில் 'பேமிலி டிரிப்' என்ற பெயரில் மூன்று வாட்ஸ்அப் குழுக்கள், மூன்றிலும் அதே ஆட்கள். பிடித்த வீட்டைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "எல்லாத்துக்கும் நடுவுல இருக்கு லா."

அவர் சொல்வது பொய் அல்ல. வினையே அங்கேதான் இருக்கிறது. ஜொகூர் சுமார் 19,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாநிலம், மூன்று பக்கம் கடல். பார்க்க வேண்டியவை எல்லாம் ஓரங்களில் கிடக்கின்றன. தெற்கே ஜொகூர் பாரு. தென்மேற்கில் ஆசியப் பெருநிலத்தின் தென்கோடியான தஞ்சோங் பியாய், அதை ஒட்டி நீரில் கால் ஊன்றி நிற்கும் குக்குப் மீனவர் வீடுகள். கிழக்கே தேசாரு கடற்கரை, வடகிழக்கில் மெர்சிங். வடமேற்கில் மூவாரின் ஒத்தாக் ஒத்தாக்கும் மீ பண்டோங்கும். மலாக்கா எல்லையில் 1,276 மீட்டர் உயரத்துக்குக் குனோங் லேடாங். நடுவில் இருப்பது செம்பனை. எல்லாத்துக்கும் நடுவில் தங்குகிறவருக்கு மிகப் பக்கத்தில் கிடைப்பது அதுதான்.

வீடு தேடும் முறை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாமா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பேரப்பிள்ளையிடமிருந்து டேப்லெட்டைப் பிடுங்கி வரைபடத்தைத் திறப்பார். கட்டைவிரலை ஜொகூர் பாருவில் ஊன்றிச் சுண்டுவிரலை மூவாருக்கு நீட்டுவார். ஒரு சாண். அதே சாணை மெர்சிங் பக்கம் திருப்புவார். விரல் பட்டதும் படம் நழுவிப் பகாங்குக்குப் போய்விடும். இழுத்துக் கொண்டுவந்து மறுபடி அளப்பார். இதற்குள் படம் இரண்டு மடங்கு பெரிதாகியிருக்கும், சாண் அதே சாண்தான். பிள்ளை எட்டிப் பார்த்து, "தாத்தா, ஜூம் ஆயிடுச்சு" என்றால், "நீ சும்மா இரு" என்பார். இப்படி நாலு தடவை அளந்த பிறகு விரல்கள் சேரும் இடத்தில் குளுவாங் இருக்கும். எங்கிருந்து அளந்தாலும் குளுவாங்தான் இருக்கும். ஒன்றிரண்டு வருடம் ஆயர் ஈத்தாமும் சிம்பாங் ரெங்காமும் வந்ததுண்டு. அவை விதிவிலக்கு.

குளுவாங் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. கடல் பார்க்கக் கிளம்பிய குடும்பத்தைக் கடலே இல்லாத மாவட்டத்தில் கொண்டுபோய் இறக்குவதற்கு மாமாவிடம் சாலைக் காரணமும் உண்டு. ஜொகூரின் தெற்கு முனையிலிருந்து மூன்று பழைய கூட்டரசுச் சாலைகள் விசிறி மடிப்புகளாக விரிகின்றன. 1 ஆம் எண் சாலை கூலாய், ஆயர் ஈத்தாம், யொங் பெங், சிகாமட் வழியாக வடக்கே போகிறது. 3 ஆம் எண் சாலை கோத்தா திங்கி, மெர்சிங் வழியாகக் கிழக்குக் கரையைப் பிடித்துக்கொண்டு குவாந்தானுக்கும் அதற்கு அப்பாலும் ஏறுகிறது. 5 ஆம் எண் சாலை ஸ்கூடாயில் பிரிந்து பொந்தியான், பத்து பகாட், மூவார் வழியாக மலாக்காவுக்கு. பத்து பகாட்டில் தொடங்கி ஆயர் ஈத்தாம், குளுவாங் கடந்து ஜெமாலுவாங்கில் முடியும் 50 ஆம் எண் சாலை இந்த மூன்றையும் தொட்டுவிடுகிறது. மாமாவின் கொள்கை முழுவதும் இந்த ஒரு சாலையின் மேல் நிற்கிறது. "மூணு ரோட்டையும் தொடுது பாரு, எங்க வேணும்னாலும் போயிக்கலாம்." விசிறியின் பிடி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் அவர் பார்ப்பதில்லை. பிடியில் தங்கினால் மறுநாள் எந்த மடிப்பிலும் நேராகப் போகலாம். குறுக்குச் சாலையில் தங்கினால் எங்கே போவதற்கும் முதலில் குறுக்கே ஓட வேண்டும், திரும்பும்போதும் அதே ஓட்டம்.

இதன் விலை மெர்சிங் பயணத்தில் தெரியும். தியோமான் தீவு பகாங்கைச் சேர்ந்தது என்றாலும் பெரும்பாலோர் படகேறுவது ஜொகூரின் மெர்சிங்கில். அங்கே ஆற்று முகம் ஆழம் குறைந்தது, கடல்நீர் ஏறி நிற்கும்போதுதான் படகு போகும். அதனால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். காலையிலேயே நீர் ஏறும் நாளில், மெர்சிங்கில் தங்கியவர்கள் ரொட்டி சானாயும் தே தாரேக்கும் முடித்துவிட்டு நடந்தே படகுத்துறைக்கு வருவார்கள். மாமாவின் குடும்பம் விடியற்காலை நாலு மணிக்குக் குளுவாங்கில் விளக்கைப் போடும். அங்கிருந்து மெர்சிங் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இருட்டு, செம்பனைக் குலை ஏற்றிய லாரி, காஹாங் பக்கம் காட்டு யானை சாலைக்கு வந்துவிடுமோ என்ற பயம். பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்த பிறகு, ஓரமாக நிறுத்திய காரின் கதவைப் பிடித்துக்கொண்டு மாமா சொல்வார்: "திரும்பி வரும்போது பக்கம் லா."

அவர் சொல்லும் நேரக் கணக்கும் இந்த வகைதான். எந்த ஊருக்கும் ஒரு மணி நேரம், எந்தக் கடைக்கும் ஐந்து நிமிடம். சிங்கப்பூரிலிருந்து வரும் தம்பி குடும்பத்துக்குக் காஸ்வேயைக் கடக்கப் பத்து நிமிடம் ஒதுக்குவார். 1924-இல் திறந்த அந்தப் பாதையின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தானே என்பது அவர் வாதம். இரண்டு பக்கமும் கடப்பிதழ்ச் சாவடி இருப்பதும், பள்ளி விடுமுறையில் அந்த ஒரு கிலோமீட்டர் மூன்று மணி நேரமாக நீளக்கூடும் என்பதும் அவருக்குத் தெரியாததல்ல. 1998-இல் திறந்த இரண்டாம் பாலத்துக்கும் அதே பத்து நிமிடம்தான் கொடுப்பார்.

வீட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். '16 பேர் தங்கலாம்' என்று விளம்பரத்தில் இருந்தால் போதும். நாலு அறையில் எட்டுப் பேர், மீதி எட்டுப் பேருக்குக் கூடத்தில் தோத்தோ மெத்தை. குளியலறை இரண்டு, அதில் ஒன்று சமையலறைக்குப் பின்னால், சுடுநீர் இல்லாமல். "அண்ணே, பெரியம்மாவுக்கு முட்டி வலி, மாடி ஏற மாட்டாங்களே" என்று தங்கை கேட்டால், கீழே அறை உண்டா என்று அப்போதுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பார். கார் நிறுத்த இடம் உண்டா என்பதை மட்டும் முதல் நாளே கேட்டிருப்பார்.

பிறகு சமையலறை. 'கிச்சன் இருக்கு' என்று மாமா பெருமையாக அறிவிக்கும் வரியைப் படித்ததும் வீட்டுப் பெண்களுக்கு முகம் சுருங்கும். அவர்களுக்கு விடுமுறை இல்லை என்று அந்த வரிக்குப் பொருள். ரைஸ் குக்கர், பிளெண்டர், மசாலைத் தூள், நெத்திலி, பெரிய சட்டி எல்லாம் காரில் ஏறும். வீட்டுக்காரர் 'லேசான சமையல் மட்டும்' என்று சுவரில் ஒட்டியிருப்பார். பதினாறு பேருக்குச் சம்பலும் கோழி வறுவலும் அதில் சேருமா என்ற கவலையோடு மூன்று பெண்கள் சன்னல் கதவை எல்லாம் திறந்துவைத்து வதக்குவார்கள். குளுவாங் ரயில் நிலையத்தில் 1938 முதல் காப்பி விற்கும் பேர் போன கடை அதே ஊரில் இருக்க, இங்கே பொட்டலக் காப்பி. சாப்பாட்டில் தலைக்கு இத்தனை வெள்ளி மிச்சம் என்று மாமா எழுதும் கணக்கில், அந்த மூன்று பேர் அடுப்படியில் நின்ற இரண்டு காலைகளுக்கு இடம் இல்லை. பாத்திரம் கழுவியதற்கும் இல்லை. அத்தை பல வருடமாக இதைச் சொல்லிவருகிறார், மாமா பல வருடமாகச் சிரித்துவருகிறார். அவரது மற்ற குணங்களைப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுத்துக்கொள்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஆனாலும் அவரை விலக்கிவிட யாருக்கும் மனம் வருவதில்லை. கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் கிளம்பிய மருமகன் நேரம் கெட்ட நேரத்தில் ஜொகூர் பாருவின் லார்கின் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கி, "மாமா, நான் ஜேபி வந்துட்டேன், வீடு எங்க?" என்று கேட்டால், குளுவாங்கில் இருக்கும் மாமா சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போக ஏறக்குறைய 110 கிலோமீட்டர், வர அதே அளவு. ஒரு வார்த்தை கடிந்துகொள்ள மாட்டார், "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்பார். குளிர்சாதனம் ஒழுங்காக ஓடும் அறையைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, வாசல் கதவை ஒட்டித் தோத்தோவில் படுப்பார். கொசுவத்தி, எக்ஸ்டென்ஷன் வயர், பெரியம்மாவுக்கு முட்டித் தைலம் எல்லாம் அவர் பையில் இருக்கும். வீட்டைக் குறை சொல்லும் மச்சான்களில் ஒருவராவது அடுத்த வருடம் தேடும் வேலையை ஏற்றுக்கொண்டதாகச் செய்தி இல்லை.

தங்கும் ஊரைச் சாண் தீர்மானிக்கக் கூடாது, மறுநாள் காலையில் ஏறப்போகும் சாலை தீர்மானிக்க வேண்டும். கிழக்குக் கரைக்குப் போகிறவர்கள் முதல் இரவை ஜொகூர் பாருவின் வடகிழக்கே உலு திராம் பக்கமோ, கோத்தா திங்கியிலோ, படகேற வேண்டுமானால் மெர்சிங்கிலேயோ கழிப்பது நல்லது. மேற்குக் கரைக்குப் பத்து பகாட்டும் மூவாரும் இருக்கின்றன. தேசாருவுக்காகத் தனியே இடம் மாற வேண்டியதில்லை. செனாய்–தேசாரு நெடுஞ்சாலை 2011-இல் முழுதாகத் திறந்த பிறகு ஜொகூர் பாருவிலிருந்து சுமார் ஒரு மணி நேரப் பயணம்தான், மாமாவின் ஒரு மணி நேரம் உண்மையாக இருப்பது இங்கே மட்டும். சுற்றி முடித்துச் சிங்கப்பூர் திரும்புகிறவர்கள் கடைசி இரவை ஜொகூர் பாருவில் கழித்துவிட்டுக் கூட்டம் சேரும் முன் பாலம் ஏறலாம். களைத்து வருகிற அந்த இரவுக்கு நீச்சல் குளமும் கரோக்கேயும் தேவையில்லை. கீழே இறங்கினால் சாப்பாட்டுக் கடை, நாலு பேருக்கு ஒரு குளியலறை, வயதானவர்களுக்குத் தரைத்தளத்தில் ஒரு அறை இருந்தால் போதும்.

காலமும் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது மெர்சிங் கடல் கொந்தளிக்கும், தீவுகளில் பல விடுதிகள் மூடிக்கிடக்கும். 2006 கடைசியிலும் 2007 தொடக்கத்திலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் டிசம்பரில் 3 ஆம் எண் சாலையை நம்பித் திட்டம் போடுவதில்லை. நாள் குறிப்பது இப்போது சுலபமாகிவிட்டது. 2014 முதல் 2024 வரை ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்ததால் கோலாலம்பூர் உறவினர்களோடு பொதுவாகக் கிடைத்தது சனிக்கிழமை ஒன்றுதான். அந்த ஒரு நாளையும் நடுவுக்குப் போய்ச் சேருவதிலேயே மாமா செலவழித்த வருடங்கள் உண்டு. 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து இங்கும் சனி, ஞாயிறு.

மாமாவின் கணிப்பு சரியாக அமைவது ஒரே ஒரு வகைப் பயணத்தில். சிங்கப்பூர், மூவார், சிகாமட், மெர்சிங் என்று நாலு பக்கமிருந்தும் ஆட்கள் வந்து, ஒரே வீட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைவது என்றால் குளுவாங்கை அடித்துக்கொள்ள வேறு இடம் இல்லை. வாடகை குறைவு, பேர் போன காப்பி, வேண்டுமானால் குனோங் லம்பாக்கில் காலையில் ஏறி இறங்கலாம். ஆனால் அப்படி உட்கார்ந்திருக்க அவரே விடமாட்டார். முதல் நாள் மாலையே சாவியைச் சுழற்றிக்கொண்டு, "இவ்ளோ நடுவுல வந்துட்டு எங்கயும் போகாம எப்படி?" என்று வாசலில் நிற்பார்.

கணக்கு தீர்ப்பது கடைசி வேலை. பெரியவர்களுக்கு முழுத் தலை, பன்னிரண்டு வயதுக்குக் கீழே அரைத் தலை, மடியில் இருக்கும் பிள்ளை இலவசம். டோலும் பெட்ரோலும் காருக்குக் கார் தனி. சுவரில் மஞ்சள் கறை கண்டு வீட்டுக்காரர் டெபாசிட்டில் பிடித்துக்கொள்ளும் தொகையை மாமா யாரிடமும் சொல்லாமல் தன் கையிலிருந்து போட்டுவிட்டு, மீதியைப் பத்துக் காசு பிசகாமல் அவரவருக்கு அனுப்புவார். ரசீதைப் படம் எடுத்து மூன்று குழுக்களிலும் போடுவார்.