பாட்டிலுக்கு உள்ள உத்தரவாதம்

24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் போட்டாயிற்று. 2003-இல் மதுச் சில்லறை விற்பனையில் இறங்கிய அரசு நிறுவனமான டாஸ்மாக், மேற்பார்வையாளர், விற்பனையாளர் என்று எல்லாரையும் தொகுப்பூதியத்தில் எடுத்தது. இருபது ஆண்டுகள் தாண்டியும் கதை அதேதான். கடை நிரந்தரம், வசூல் நிரந்தரம், வாடிக்கையாளர் அதைவிட நிரந்தரம். கல்லாவில் நிற்பவர் மட்டும் தற்காலிகம். 2022-இல் நீலகிரியில் தொடங்கிய காலி பாட்டில் திட்டத்தில், ஒவ்வொரு பாட்டிலுக்கும் கூடுதலாக வாங்கும் பத்து ரூபாயைப் பாட்டில் திரும்பி வந்தால் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு ஸ்டிக்கர் ஒட்டும் ஊழியருக்கு அந்த அளவு உத்தரவாதம்கூடக் கிடையாது.

நிரந்தரமாக்கினால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்பார்கள். இதை நம்பும் அதிகாரிகள் தங்களுக்கும் தொகுப்பூதியம் கேட்டு ஒரு மனு போடலாமே! கஜானா தாங்காது என்பதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சம்பளமும் ஓய்வூதியமும் லேசான சுமையல்ல. ஆனால் ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் கஜானாவில் கொட்டும் கடைக்காரனிடமா இதைச் சொல்வது? மிச்சமிருப்பது கெட்டிக்கார வாதம்: மதுவிலக்கு வரப்போகிறது, மூடப்போகும் கடைக்கு நிரந்தர ஆள் எதற்கு? 2016-இல் 500, 2017-இல் 500, 2023-இல் 500 என்று கடைகளை மூடவும் செய்தார்கள். வருமானம்தான் ஏறிக்கொண்டே போனது. இந்த வேகத்தில் மதுவிலக்குக்கு முன்பே ஊழியர்களுக்கு ஓய்வு வயது வந்துவிடும்.