சட்டைப்பைக்குள் ஒரு மேலாளர்

மருந்து விற்பனைப் பிரதிநிதியின் அன்றாட அறிக்கை ஒரு காலத்தில் கார்பன் தாள் வைத்து எழுதப்பட்டுத் தபாலில் போனது. எந்த டாக்டரைப் பார்த்தார், எத்தனை சாம்பிள் கொடுத்தார் என்ற விவரம் மேலாளரின் மேசைக்கு வருவதற்குள் அந்த மாத்திரைகள் சீரணமாகியிருக்கும். இப்போது அதே அறிக்கை, கிளினிக் வாசலிலேயே கைபேசிச் செயலியில் ஏறிவிடுகிறது.

செயலி தருவது குறைவல்ல. ஸ்டாக்கிஸ்டிடம் உள்ள இருப்பு, மாத இலக்கு, சென்ற முறை டாக்டரிடம் பேசிய விவரம் எல்லாம் அதில் உண்டு. இலக்கை எட்டாதது சிவப்பில் தெரியும். மாதக் கடைசியில் பெரும்பாலும் சிவப்புதான். சிக்னல் இல்லாத மலையூரில் பதிந்தவை கைபேசியிலேயே தங்கி, இணைப்பு கிடைத்ததும் சர்வருக்குப் போகும்.

ஊழியருக்குத் தகவல் தருவதற்கென்று வரும் இந்த ஏற்பாட்டில், ஊழியரைப் பற்றிய தகவல்தான் அதிகம் பயணம் செய்கிறது. அவர் கிளினிக்கில் இருக்கிறாரா, தெருக்கோடி டீக்கடையில் இருக்கிறாரா என்பதை ஜிபிஎஸ் சொல்லிவிடும். டாக்டர் உள்ளே அழைக்க இரண்டு மணி நேரம் ஆனதை மட்டும் சொல்லாது. படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. இந்தக் கண்காணிப்பை விற்பனைப் பிரதிநிதிகளின் தொழிற்சங்கங்கள் எதிர்த்து வருகின்றன. அவர்களுக்கென்று 1976-இல் வந்த சட்டம் விடுப்பு, நியமனக் கடிதம் ஆகியவற்றைப் பற்றிப் பேசியது. சட்டைப்பைக்குள் மேலாளர் குடிபுகுவார் என்று அப்போது யாரும் எண்ணவில்லை.

இருப்பிடப் பதிவைத் தாராளமாக அணைத்து வைக்கலாம். பல நிறுவனங்களில் அன்றைய வருகை மட்டும் பதிவாகாது.