டாக்டரிடம் பிடிகொடுக்காமல் காய்ச்சலைச் சொல்வது எப்படி?

ஜூன் பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலத்தில் கூட்டம். நாலு நாள் கழித்துத் தென்காசியில் பிள்ளை டாக்டர் வாசலில் கூட்டம். டோக்கன் வாங்கிவிட்டீர்களா? “புள்ளைக்கு என்ன செய்யுது?” என்று டாக்டர் கேட்பார். நேராகப் பதில் சொல்லிவிடாதீர்கள். ஐந்தருவியில் ஆரம்பியுங்கள். யார் கூட்டிப்போனது, யார் தடுத்தது, ஈரத் தலையோடு பிரானூர் பார்டரில் பரோட்டா வாங்கிக் கொடுத்தது யார்... “நான் அப்பவே சொன்னேன் சார், இவ்வொ கேக்கல.” காய்ச்சலை ஒட்டவைத்தது அருவித் தண்ணீரல்ல, கூட்டத்தில் பக்கத்தில் நின்று இருமிய ஆளாக இருக்கலாம் என்று டாக்டர் வாயெடுத்தால், விடாதீர்கள்.

எத்தனை நாளாகக் காய்ச்சல்? “ரெண்டு மூணு நாளா.” டெங்குவில் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையே காய்ச்சல் விடும்போதுதான் ஆபத்து தலைகாட்டும், அதற்காகத்தான் மனிதர் நாளை எண்ணுகிறார். எண்ணட்டும். சூடு எவ்வளவு? “மேலு கொதிக்கி சார்.” தெர்மாமீட்டர் பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது.

மருந்து விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பாராசிட்டமாலைக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்று எடை பார்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். ஒரு பாட்டிலில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம், இன்னொன்றில் 250. சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100. ஆகவே பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். “ரோஸ் கலர் சிரப்பு, ஒரு மூடி.” எப்போது? “நாடகம் முடிஞ்ச பொறவு.” எடை? “நல்ல கனமா இருப்பான்.” தொக்கம் எடுத்ததையும் முந்தின டாக்டர் தந்த சீட்டையும் பற்றி மூச்சு விட வேண்டாம்.

“மூத்திரம் ஒழுங்காப் போறானா?” இந்த இடத்தில் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். விடை தெரிந்தவர் ஆச்சி ஒருத்திதான். ராத்திரி முழுக்கப் பிள்ளையை மடியில் போட்டிருந்தவள். எத்தனை தரம் ஒண்ணுக்குப் போனான், எப்போது வாந்தி எடுத்தான், கடைசியாக எப்போது தண்ணீர் கேட்டான் என்று மணி வாரியாகச் சொல்வாள். பைக்கில் இடமில்லை என்று அவளை விட்டுவிட்டு வந்ததுதான் உங்கள் கெட்டிக்காரத்தனம்.

சீட்டை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டும்போது போன் வரும். “ராத்திரி கண்ணு சொருகிக் கை காலு வெட்டி இழுத்துச்சே, அதச் சொன்னியாட்டி?” என்பாள் ஆச்சி.

“எல்லாம் சொல்லியாச்சு” என்று போனை வைத்துவிடுங்கள்.