மாமாவின் ஜோகெட் டிக்கெட்

சம்பளம் போட்ட மாலை மாமா லயத்துக் குழாயடியில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிப்பார். ஒட்டுப்பால் நாற்றம் அப்படியும் போகாது. அதன்மேல் குட்டிக்கூரா பவுடர். சுங்கை சிப்புட்டில் பஸ் ஏறினால் ஈப்போ. கேட்டால், "ஒரு சாமி கும்பிடு" என்பார். அந்தச் சாமி ஜூபிலி பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவில் இருந்தது.

குத்துச்சண்டை, கேபரே, ஜோகெட் எல்லாம் அங்கே ஒரே வேலிக்குள். கேபரேயில் பெண்ணின் இடுப்பில் கை வைத்து ஆடலாம்; விலையும் ஈயலம்பத்து முதலாளிகளுக்கேற்ற விலை. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற மாமாவுக்குக் கட்டுப்படியானது ஜோகெட்தான். டிக்கெட்டை நீட்டினால் ஒரு பாட்டுக்கு ஒரு பெண் எதிரே நின்று ஆடுவாள். வயலினும் அக்கார்டியனும் எவ்வளவு கெஞ்சினாலும் விரல்கூடப் படக் கூடாது. அதுதான் ஜோகெட்டின் சட்டம். இப்படித் தொடாமல் ஆடிவிட்டு வந்த மனிதரைத்தான் தோட்டமே கெட்டுப்போனவன் என்றது. கள்ளுக்கடை வாசலில் விழுந்து கிடந்தவர்கள், கிடந்தபடியே சொன்னார்கள்.

ரோஸ் சானை நேரில் பார்த்ததாகவும் மாமா சொல்வார். சூச்சோவில் பிறந்து மலாயா மேடைகளைக் கிறங்கடித்தவர்; மலைப்பாம்போடு ஆடுவதில் பேர்போனவர். பாட்டி அசரவில்லை. "பாம்பு பாக்கவாடா காசு குடுத்த? காலையில நெரைக்குள்ள எறங்கு, சும்மாவே காட்டும்."

1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. மலேசியாவில் புது நோட்டு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. பவுண்டோடு கட்டிப்போட்டிருந்த பழைய நோட்டில் ஒரு வெள்ளி திடீரென்று 85 காசாகிவிட்டது. மாமா பாய்க்கடியில் சேர்த்ததெல்லாம் பழைய நோட்டு. பினாங்கில் கடையடைப்பு கலவரமாகி ஊரடங்கு வரை போனது. எங்கள் வீட்டில் மாமாவின் நூறு ஆட்டத்தில் பதினைந்து போனது. மாரியம்மன் கணக்குத் தீர்த்துவிட்டாள் என்று பாட்டிக்கு ஒரே திருப்தி.

1985இல் ஈயம் சரிந்தது, முதலாளிகள் காணாமல் போனார்கள். ரப்பர் போய்ச் செம்பனை, செம்பனை போய் வீடமைப்பு. லயம் இருந்த இடத்தில் இன்று யாருடைய கார் நிற்கிறதோ.

அந்தக் காலத்து முதலாளிகள் சின்னவீடு வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ஈப்போ சந்துக்கு இப்போது குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஐஸ் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் பாட்டியோடு படம் எடுக்கிறார்கள். சாமி கும்பிடப் போவதாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

தோட்டத்தில் மிஞ்சியது கோயில் ஒன்றுதான். போன திருவிழாவில் மாமாவின் பேரன் உருமி அடித்தான். முன்பணம் வாங்காமல் குச்சியைத் தொடமாட்டான். மாமா ஆடக் காசு கொடுத்தார், இவன் ஆட்டிவைக்கக் காசு வாங்குகிறான். கூட்டம் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஆடியது. கோயில் தலைவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

எண்பதைத் தாண்டிய மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைச் சுளித்தார்.

"என்னடா இது, இப்படி இடிச்சுக்கிட்டு ஆடுறானுங்க? எங்க காலத்துல வெரலு படாது."