மூணு விரல் கணக்கு

வாய்யா மாப்ளே, திண்ணையில உக்காரு. வண்டியை வேப்பமரத்தடியில நிறுத்தாத, காக்கா சும்மா இருக்காது. முன்னால எலுமிச்சம்பழம் கட்டியிருக்க போல. கண்ணு பட்டுறக் கூடாதுன்னுதானே? நல்லது. ஆனா ஊரார் கண்ணு படறதுக்கு முந்தியே உன் வண்டி மேல 28 சதவீதம் பட்டுருச்சே, அதுக்கு எந்தப் பழத்தை வாங்கிக் கட்டப் போற?

கோவிச்சுக்காத. ஷோரூம்ல நீ போட்ட சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுச்சாம். “வரி குறைஞ்சது செப்டம்பர் 22. வண்டி என் கைக்கு வந்தது 25. பழைய வரியை எப்படிய்யா போடுவீங்க?”ன்னு கேட்டியாமே. கேள்வி என்னமோ நல்ல கேள்விதான். கேட்ட நாள்தான் தப்பு. செப்டம்பர் 4ஆம் தேதி கேட்டிருக்கணும்.

அன்னைக்கு நீ என்ன பண்ணின? ஆவணி வளர்பிறை போயிட்டா மகாளயம் வந்துரும், அதுக்குள்ள புரட்டாசியும் பொறந்துரும், நல்ல நாளே கிடைக்காதுன்னு நகையை அடகு வச்சு முழுப் பணத்தையும் கட்டி, பில்லையும் போட வச்சு, அந்தக் காகிதத்துக்குச் சந்தனம் குங்குமம் வச்சுக் கும்பிட்ட. நீ கேட்ட நீலக் கலர் இல்ல, வர்றதுக்கு மூணு வாரம் ஆகும்னாங்க. “பரவாயில்ல, பில்லு நல்ல நாள்ல விழுந்துருச்சு”ன்னு பெருமையா வீட்டுக்கு வந்த. அதுக்கு முந்தின நாள் ராத்திரிதான் டெல்லியில ஜிஎஸ்டி கவுன்சில் 56ஆவது கூட்டத்தை முடிச்சுட்டு, 350 சிசி வரைக்கும் உள்ள பைக்குக்கு 28லேருந்து 18, செப்டம்பர் 22லேருந்து அமல்னு நிதியமைச்சர் அம்மா சொல்லிட்டாங்க. சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச சேதி. நீ பஞ்சாங்கத்தைப் பாத்த, பேப்பரைப் பாக்கல.

விரலை நீட்டு, மூணு போதும். ஒண்ணு, பொருள் கைமாறின நாள். ரெண்டு, பில்லு போட்ட நாள். மூணு, பணம் போய்ச் சேந்த நாள். வரி மாறின தேதியை நடுவால ஓடுற வரப்பா நினைச்சுக்கோ. மூணுல ரெண்டு விரல் வரப்புக்கு எந்தப் பக்கம் நிக்குதோ, அந்தப் பக்கத்து வரிதான். ஜிஎஸ்டி சட்டத்துல 14ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, சுருக்கிச் சொன்னா இவ்வளவுதான். உன் பில்லு அந்தப் பக்கம், பணமும் அந்தப் பக்கம். வண்டி மட்டும் இந்தப் பக்கம் தனியா நின்னு ஹாரன் அடிக்குது. ஒத்தை விரலை வச்சுக்கிட்டு சோத்தைப் பிசைய முடியுமாய்யா?

வரி சேக்காம வண்டி 80,000 ரூவான்னு வச்சுக்கோ. 28 சதவீதம்னா 22,400. 18னா 14,400. நல்ல நேரம் பாத்ததுக்கு நீ வச்ச தட்சணை 8,000 ரூவா. நம்ம ஊர் சோசியக்காரன் முப்பது வருசமா நாள் குறிக்கிறான், இவ்வளவு மொத்தமா ஒரு ஆளுகிட்டயும் கறந்ததில்ல.

வடக்குத் தெரு தையல்காரரைப் பாரு. அவரும் அதே வண்டிக்குத்தான் ஆடி மாசமே பத்தாயிரம் முன்பணம் கொடுத்தாரு. மிச்சம் புரளல. இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்துக்கிட்டே இருந்தாரு. ஷோரூம்காரங்க போன் போட்டா எடுக்க மாட்டாரு. கடைசியில நவராத்திரி பொறந்தப்புறம் பணம் கட்டி, பில்லு வாங்கி, வண்டியையும் ஓட்டிக்கிட்டு வந்துட்டாரு. 18தான். முன்பணம் கொடுத்தா புக்கிங் அன்னைக்கு இருந்த வரி ஒட்டிக்கிரும்னு பாதிப் பேரு நினைச்சுக்கிட்டு இருக்கான். ஒட்டாது. பொருளுக்கு வாங்குற முன்பணத்துக்கு அப்பவே வரி கட்டணும்ங்கிற தொல்லையை 2017 நவம்பர்லயே கழட்டி விட்டுட்டாங்க. புக்கிங்ங்கிறது நிச்சயதார்த்தம் மாதிரி. தாலி, பில்லு போடுறப்பத்தான் ஏறுது. கையில காசில்லாததுக்கு லாபம் பாத்த ஒரே மனுசன் இந்த ஜில்லாவுல அவருதான்.

உடனே தாமதமே நல்லதுன்னு எழுதி வச்சுக்காத. நம்ம வாத்தியார் மகன் 650 சிசி வண்டிக்கு ஆசைப்பட்டு புக் பண்ணியிருந்தான். 350க்கு மேல போனா முன்னால 28, அதுக்கு மேல 3 சதவீதம் செஸ், ஆக 31. புதுசா வந்தது 40. அவன் உன்னை மாதிரி அவசரப்பட்டிருக்கணும், அவன் தையல்காரர் மாதிரி அசந்துட்டான். உங்க ரெண்டு பேரையும் அன்னைக்கு இடம் மாத்தி உக்கார வச்சிருந்தா ரெண்டு குடும்பமும் நல்லா இருந்திருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்ங்கிற? எட்டாப்பு ஃபெயிலானவன்தான். ஆனா ஆடிட்டர் ஆபீஸ் பெஞ்சுல மூணு மணி நேரம் காத்துக் கிடந்தா சுவரே சட்டம் பேசும். அங்க ஒரு சிமெண்டுக் கடைக்காரர் செக்கைக் கையில வச்சுக்கிட்டு வாதாடிக்கிட்டு இருந்தாரு. பணம் வந்த நாள்னா கணக்குல எழுதின நாளா, பேங்குல ஏறின நாளான்னு. ரெண்டுல எது முந்தியோ அதுதானாம். ஆனா வரி மாறி நாலு வேலை நாள் கழிச்சுத்தான் பேங்குல ஏறுதுன்னா, பேங்கு தேதிதான் செல்லுமாம். பழைய தேதி போட்ட செக்கை மடியில கட்டிக்கிட்டுத் திரியற ஆளுகளை நல்லாத் தெரிஞ்ச எவனோதான் அதை எழுதியிருக்கணும்.

நானும் யோக்கியன் இல்ல மாப்ளே, உன்கிட்ட மறைக்க என்ன இருக்கு. 43 இஞ்ச் டிவி ஒண்ணு பாத்து வச்சிருந்தேன். அதுவும் 28லேருந்து 18. விரல் கணக்கைக் கேட்டதும் எனக்கு மூளை ஓடிருச்சு. கடைக்காரர்கிட்ட போயி, “தம்பி, டிவியை 20ஆம் தேதியே வீட்டுல இறக்கிடு. பில்லும் பணமும் 22க்கு மேல. ரெண்டு விரல் நம்ம பக்கம்”னேன். அவரு சிரிச்சாரு பாரு, கல்லாப்பெட்டியே குலுங்கிச்சு. “பெரியவரே, சரக்கு கடை வாசலைத் தாண்டுறதுக்குள்ள பில்லு போட்டாகணும், அதுவும் சட்டம்தான். டிவி வேணும்னா பில்லோட வரும், இல்லேன்னா நவராத்திரிக்கு வாங்க”ன்னுட்டாரு. ரெண்டு நாள் சும்மா இருந்தேன். உங்க அத்தைதான் ரெண்டு நாள் சும்மா இல்ல.

இதுல இன்னொரு கூத்து. இந்த விற்பனை வரியை நம்ம பக்கம் முதல்ல கொண்டுவந்தது ராஜாஜி, 1939ல, மெட்ராஸ் மாகாணத்துல. மதுவிலக்கு போட்டு கள்ளு, சாராயக் கடையை மூடினதுல கஜானாவுல ஓட்டை விழுந்துருச்சு, அதை அடைக்க வியாபாரத்து மேல வரி. இன்னைக்கு ஜிஎஸ்டி வந்து எல்லாத்தையும் ஒரு குடைக்குள்ள இழுத்துருச்சு. சரக்கு பாட்டில் மட்டும் வெளியில நிக்குது, அதுக்கு இன்னும் மாநிலத்து வரிதான். எந்தக் கடையை மூடினதால வரி பொறந்துச்சோ, அந்தக் கடைப் பக்கமே புது வரி போகல. எங்க தாத்தா இருந்திருந்தா இதுக்காகவே ஒரு கிளாஸ் போட்டிருப்பாரு.

சரி, இனி என்ன பண்றதுங்கிறியா? வண்டி வர்றதுக்கு முந்தி புக்கிங்கையே ரத்து பண்ணிட்டு, கடைக்காரர் சம்மதிச்சு பழைய பில்லை வாபஸ் வாங்கி, அப்புறமா புதுசா எடுத்திருந்தா ஒருவேளை தப்பிச்சிருக்கலாம். இப்ப நம்பர் பிளேட்டே மாட்டியாச்சு. நீலக் கலர் நல்லாத்தான் இருக்கு, அதைப் பாத்து மனசை ஆத்திக்கோ.

கிளம்பிட்டியா? இரு, துண்டை எடுத்துட்டு வர்றேன், சந்தை வரைக்கும் என்னைக் கொண்டு போய் விடு. பெட்ரோல் காசா? பெட்ரோலும் அந்தப் பாட்டில் மாதிரிதான்யா, ஜிஎஸ்டிக்கு வெளியில நிக்கிற சாமான், விலை இறங்கவே இல்ல. கவலைப்படாத, நான் தர்றேன். முதல்ல என்னைச் சந்தையில டெலிவரி பண்ணு. பில்லைப் பிறகு பாத்துக்கலாம்.