எந்த லைன்?

கிங்ஸ் சர்க்கிளில் யாராவது உங்களை நிறுத்தி "எந்த லைன்?" என்று கேட்டால் அவசரப்பட்டு வாயைத் திறக்கக் கூடாது. கேட்கிறவர் யார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓரத்தில் மஞ்சள் தடவிய ஜாதகம் இருந்தால், பையனுக்கு என்ன உத்தியோகம் என்று அர்த்தம். கனமான சாமான் பையோடு வேர்த்து நின்றால், எந்தக் கியூ சீக்கிரம் நகரும் என்று அர்த்தம். காலேஜ் பையன் இன்னொருவனிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டால், அது நமக்கு வேண்டாத விஷயம். கையில் குடை தவிர வேறொன்றும் இல்லை, போக வேண்டிய அவசரமும் இல்லை என்றால் அவர்தான் லைன் மாமா. அவர் கேட்பது ரயில்.

லைன் மாமா என்பவர் ஒரு ஆள் இல்லை, ஒரு ரகம். மாட்டுங்காவின் பழைய மூன்று மாடிக் கட்டடங்களில் கட்டடத்துக்கு ஒருவர் வீதம் கிடைப்பார். வயது எழுபத்தைந்துக்கு மேல். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நெற்றியில் விபூதி மூன்று பட்டை. அந்த மூன்றுக்கும் வெஸ்டர்ன், சென்ட்ரல், ஹார்பர் என்று எங்கள் கட்டடத்து மாமாவின் பேரன் பெயர் வைத்திருக்கிறான்.

பேரன் வைத்த பெயரில் நியாயம் இருக்கிறது. பம்பாயில் மூன்று லைனுக்கும் நடந்தே போய்ச் சேரக்கூடிய பேட்டைகள் குறைவு. இங்கே மாட்டுங்கா ஸ்டேஷன் சென்ட்ரல், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன், கிங்ஸ் சர்க்கிள் ஹார்பர். முதல் இரண்டையும் கோத்துக் கொடுக்க இசட் பிரிட்ஜ் என்று ஒரு கோணல் பாலம். இந்தப் பூகோளத்தைத் தன் சொந்தச் சாதனையாகச் சொல்லிக்கொள்வது மாமாவின் முதல் லட்சணம். "வேற எங்கே ஓய் இருக்கு இந்த சௌகரியம்?" என்பார். கடைசியாக எப்போது ரயில் ஏறினீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

1960-களில் ஷார்ட்ஹேண்ட் ஹையர் சர்டிபிகேட்டோடு பாலக்காட்டிலிருந்து வந்து இறங்கியவர் மாமா. அன்றைக்கு மாட்டுங்காவில் மெஸ் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு கோட்டைப் பக்கம் ஆபீஸ் போன தமிழ்ப் பையன்களில் பெரும்பாலோர் அதே லைன்தான். பிட்மன் சுருக்கெழுத்தில் ஒரே கீற்றைக் கோட்டுக்கு மேலே தூக்கி எழுதினால் ஒரு சொல், கோட்டிலே உட்கார்த்தி எழுதினால் வேறு சொல், கோட்டை வெட்டி எழுதினால் இன்னொரு சொல். நாற்பது வருஷம் அதைச் செய்தவருக்கு, ஒரு மனிதன் எப்பேர்ப்பட்டவன் என்பதும் அவன் லைனுக்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது என்று தோன்றியதில் ஆச்சரியமில்லை.

ஊரில் ஒருவரைப் பார்த்ததும் எந்த ஊர், யார் பிள்ளை, என்ன கோத்திரம் என்று வரிசையாகப் போட்டுத் தாக்கலாம். பம்பாயில் அப்படிக் கேட்கக் கூச்சம். சம்பளம் கேட்கவும் கூச்சம். அதனால் நம் ஆட்கள் லைன் கேட்கிறார்கள். டோம்பிவிலி என்றால் வீட்டுக் கடன், விடியற்காலை அலாரம், சென்ட்ரல் கூட்டத்தில் கசங்கிய சட்டை. கோரேகாவ், போரிவிலி என்றால் கொஞ்சம் வசதி, கொஞ்சம் மிதப்பு. நேரூல் என்றால் லிஃப்ட் உள்ள கட்டடம், கார் நிறுத்த இடம். ஒரே சொல்லில் இத்தனையும் கிடைக்கும்போது கோத்திரம் எதற்கு?

ரயிலே குணத்தையும் தீர்மானிக்கிறது என்பது மாமாவின் சித்தாந்தம். சென்ட்ரல்காரனுக்கு வாழ்க்கையில் ஃபாஸ்ட், ஸ்லோ என்று எப்போதும் இரண்டு வழி தெரியும், அதனால் நிம்மதி கிடையாது. ஹார்பரில் எல்லாமே ஸ்லோ, அதனால் அங்கே இருப்பவர்கள் பொறுமைசாலிகள். வெஸ்டர்ன்காரர்களுக்கு எல்லாம் தனி. ஞாயிற்றுக்கிழமை தண்டவாளத்தை ரிப்பேர் செய்ய வண்டியை நிறுத்தினால் சென்ட்ரலிலும் ஹார்பரிலும் அதற்கு மெகா பிளாக் என்று பெயர். வெஸ்டர்னில் ஜம்போ பிளாக். "வண்டி வரல்லேங்கறதுக்குக்கூட அவாளுக்கு வேற பேரு வேணும், பார்த்தேளா?"

ஹார்பரை யாரும் இளக்காரமாகப் பேச முடியாது. இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு ஓடியது ஹார்பர் லைனில்தான் என்பதை மாமா, தான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த மாதிரி சொல்வார். அப்போது அவர் பிறக்கவே இல்லை.

கல்யாணப் பேச்சில்தான் மாமாவின் முழு வித்தையும் வெளிப்படும். போன வருஷம் பன்வேலிலிருந்து ஒருவர் பிள்ளை ஜாதகத்தோடு வந்தார்.

"பையன் எந்த லைன்?"

"ஐ.டி. லைன் மாமா."

"அது கிடக்கட்டும், இப்போ யார்தான் ஐ.டி. இல்லே? ஜாகை எந்த லைன்னு கேட்டேன்."

"பன்வேல்தான். ஹார்பர்."

"பொண்ணு?"

"போரிவிலி."

மாமா ஜாதகத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பத்துக்கு எட்டு பொருத்தம் இருக்கு. ரயில் பொருத்தம் இல்லியே! பன்வேல்லேருந்து குர்லா, குர்லாலே மாறி தாதர், தாதர்லே மாறி போரிவிலி. பொண்ணுக்கு அம்மாவைப் பார்க்கணும்னு தோணி கிளம்பினா, போய்ச் சேரறதுக்குள்ளே கோபம் ஆறிப்போயிடும்."

"அது நல்லதுதானே மாமா?"

"தலை தீபாவளி ஞாயித்துக்கிழமை வந்தா?"

"தீபாவளிக்கு பிளாக் வைக்கமாட்டான் மாமா. அதோட பன்வேல்லேருந்து கோரேகாவுக்கு நேர் வண்டியே இருக்கே!"

"ஒரு நாளைக்கு எத்தனை வண்டி?" என்றார் மாமா. வந்தவருக்குப் பதில் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரியும், சொல்லவில்லை.

கல்யாணம் நடந்தது. தம்பதி இப்போது நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறார்கள். அங்கே ஓடுகிற ரயில் நார்த்ஈஸ்ட் காரிடார் லைன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் மாமாவுக்கு மனசு ஆறியது. ஞாயிற்றுக்கிழமை பிளாக் உண்டா என்று வாட்ஸப்பில் விசாரித்திருக்கிறார்.

மாமாவுக்குப் பிடிபடாத லைனும் உண்டு. பேரன் ஒருநாள் போனில் ஹிந்தியில் "வோ லைன் மார் ரஹா ஹை" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். மாமா பதறிப்போய், கரண்டு லைனை எவனோ உடைக்கிறான் என்று செக்ரெட்டரிக்குச் சொல்லக் கிளம்பிவிட்டார். நம் ஊரில் லைன் அடிப்பதும் இந்த ஊரில் லைன் மார்ப்பதும் ஒன்றே என்று மாமிதான் விளக்க வேண்டியிருந்தது. மாமிக்கு அது எப்படித் தெரியும் என்ற கேள்வியை மாமா இன்னும் விடவில்லை. அதே பையன் பரீட்சையில் தேறினால் "அப் லைன் பே ஆ கயா" என்று எதிர்வீட்டு குஜராத்திக்காரர் மெச்சுகிறார். அடித்தால் குற்றம், அதன் மேல் நடந்தால் நல்ல பிள்ளை. இந்த நியாயம் எனக்கும் பிடிபடவில்லை.

தாராவியிலிருந்து காலையில் இட்லிப் பாத்திரத்தோடு சைக்கிளில் கிளம்புகிறவர்களில் ஒருவர் எங்கள் தெருவழியாகப் போவார். மாமா அவரையும் விடவில்லை.

"எந்த லைன்ப்பா?"

"சயான் லைன், சாமி. இப்ப லைனுக்குத்தான் போயிட்டிருக்கேன்."

"சயான் சென்ட்ரலாச்சே. சைக்கிள்லே போறே?"

"ரயிலு இல்ல சாமி. யாவார லைன். ஆஸ்பத்திரியத் தாண்டி எனக்கு, இந்தாண்ட எங்க மச்சானுக்கு. ஒருத்தர் லைன்ல ஒருத்தர் போவ மாட்டோம்."

தண்டவாளம் இல்லாமல், டைம் டேபிள் இல்லாமல், எல்லைச் சண்டையும் இல்லாமல் ஓடுகிற அந்த லைனைக் கேட்டு மாமா அன்று முழுக்க யோசனையில் இருந்தார். இரண்டு பிளேட் இட்லி வாங்கினார் என்பதும் உண்மை. மாமிக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கஃபே மெட்ராஸ் வாசலில் பார்க்கலாம். 1940-லிருந்து இருக்கிற கடை, பெயர்தான் மெட்ராஸ், நடத்துகிறவர்கள் காமத் குடும்பம். ரசம் இட்லிக்கும் ராகி தோசைக்கும் நகரத்தின் நாலா மூலையிலிருந்தும் ஆள் வருகிறது. ஒரு ஆள் நோட்டில் பெயர் எழுதிக்கொள்வார். பெயர் கொடுத்தவர்கள் நடைபாதை முழுக்க இஷ்டத்துக்கு இறைந்து நிற்பார்கள். புதிதாக வருகிறவர் "லைன் எங்கே?" என்று தேடித் திண்டாடுவார். மாமா ஓடிப்போய், "லைன் அந்த நோட்டுலே இருக்கு. நீங்க எங்கே வேணா நில்லுங்கோ" என்று வழிகாட்டுவார். நமக்குத் தெரிந்து, நிற்காமலே நிற்கிற லைன் அது ஒன்றுதான். வழிகாட்டியதற்குக் கூலியாக, வந்தவர் எந்த லைன் என்பதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

சண்முகானந்தா ஹாலிலும் இதே கதை. 1952-ல் தொடங்கிய சபா 1963-ல் கட்டிய ஹால் அது. 1990-ல் எரிந்தது, 1998-ல் மறுபடி திறந்தது எல்லாம் மாமா பார்த்தவர். கச்சேரியில் பாடகர் ஒரு வரியை எடுத்துக்கொண்டு நிரவலில் இறங்கினார். மேலே போனார், கீழே வந்தார், வயலினுக்குக் கொடுத்தார், திருப்பி வாங்கினார். பக்கத்தில் இருந்தவர் கண்மூடி "ஆஹா!" என்றார். மாமா என் காதில், "இருபது நிமிஷமா ஒரே லைன்லே நிக்கறார். சிக்னல் கிடைக்கல்லே போலிருக்கு" என்றார். தனியாவர்த்தனத்துக்குப் பலர் எழுந்து வெளியே போனபோது, "தாதர் வந்தாச்சு" என்றார்.

மழைக்காலத்தில் மட்டும் மாமா பேச்சைக் குறைத்துக்கொள்வார். காந்தி மார்க்கெட் பக்கம் முழங்கால் தண்ணீர் நின்றால் மூன்று லைனும் ஒன்றுதான். கட்டடத்தின் கீழ்ப்படிக்கட்டு ஓரம், பெயின்ட் அடித்தும் மறையாத ஒரு பழுப்புக் கோடு இருக்கிறது. 2005 ஜூலை 26, சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டிய அன்று தண்ணீர் நின்ற உயரம். வருஷா வருஷம் ஜூலையில் மாமா அதைக் குடை நுனியால் தொட்டுக் காட்டி, "இது நம்ம பில்டிங் லைன்" என்பார். மூத்தவன் முலுண்டில், இளையவன் போரிவிலியில், பெண் நேரூலில். லைனுக்கு ஒன்றாகக் குழந்தைகள் பிரிந்துபோனார்கள். அன்று ஒருவராலும் வர முடியவில்லை. பக்கத்து குஜராத்தி வீட்டிலிருந்து கிச்சடி வந்தது.

இப்போது மாமாவுக்கு வந்திருக்கிற சோதனை மெட்ரோ. மஞ்சள் லைன், சிவப்பு லைன் என்று கேட்டு, "ரயிலா, டிராயிங் கிளாஸா?" என்று தலையில் அடித்துக்கொண்டார். 2024 அக்டோபரில் ஆரேயிலிருந்து பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ் வரைக்கும், மறு வருஷம் கஃப் பரேடு வரைக்கும் அக்வா லைன் பூமிக்கு அடியில் ஓட ஆரம்பித்ததும் தீர்ப்பே சொல்லிவிட்டார். மேலே ஓடினால் லைன், கீழே ஓடினால் பைப் லைன்.

இந்த நிலையில் மேல்மாடி ஃபிளாட்டை வாடகைக்குப் பார்க்க ஒரு பெண் வந்தாள். கோயம்புத்தூர்க்காரி, மரோலில் தங்கி வேலைக்குப் போகிறவள். மாமா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"இப்போ எந்த லைன்லேம்மா இருக்கே?"

"அக்வா லைனுங்க, அங்கிள்."

மாமா பைப் லைன் பிரசங்கத்துக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அதற்குள் உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது.

"வந்துட்டாளா? ரெண்டு மாசமா போன் பண்றேன், இன்னிக்குத்தான் ஆள் அனுப்பினானா! வாசல்லேயே நிக்க வெச்சுப் பேசிண்டிருக்காதேங்கோ. ஃபில்டர் சமையலுள்ளே இருக்கு, செருப்பைக் கழட்டிட்டு வரச்சொல்லுங்கோ."